காற்றின் கண்

அக்கா முப்பது வருடத்துக்கு மேல் நோர்வேயில் இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், லண்டனில் மிச்சம் என்ற பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் இருந்து பார்ப்பதற்காக ஒரு ஜனவரியில் வந்தார். பிடித்தால் இருப்பது, இல்லாவிட்டால் திரும்புவது என்று பேச்சு.

அவருக்குக் கொடுத்த பின்னறையின் யன்னல் திறக்காது. முன்பிருந்தவர்கள் சட்டத்தோடு சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். எங்களுக்கு அது குறையாகவே படவில்லை. அக்காவோ அங்கே பனி கொட்டும்போதும் நாலு விரல் அகலம் திறந்துவைத்துப் படுத்துப் பழகியவர். நாலாம் நாள் காலை சொன்னார்:

“தம்பி, இதுக்குள்ள எனக்குப் படுக்க ஏலாது. வாற கிழமை போறன்.”

“ஹீட்டரையும் போட்டு யன்னலையும் திறக்கிறதோ மச்சாள்? ரோட்டுக்குச் சூடு காட்டவோ?” என்றாள் என் மனைவி.

“நீங்கள் இதுக்குள்ள இடியப்பம் மாதிரி அவியிறியள், பிள்ளை.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அக்காவின் உடுப்பில் பாதி பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாவிட்டால் அகராதியை எடுப்பது, பத்திரிகையில் பிரதி திருத்திய காலத்திலிருந்து என் வழக்கம். நோர்வேஜிய மொழியில் யன்னலுக்கு ‘விண்டு’ என்று பெயர். அதன் பழைய வடிவம் ‘விண்டவுகா’: விண்ட் என்றால் காற்று, அவுகா என்றால் கண். ஆங்கிலேயரின் வின்டோவும் அங்கிருந்து கடல் கடந்து வந்ததுதான். நாங்கள் சொல்லும் யன்னல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அதற்கு முன் தமிழில் இருந்தது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இங்கும் காற்றுத்தான்.

மத்தியானம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அக்கா சோறு பிசைவதை நிறுத்தினார்.

“இவ்வளவு வருசமாச் சொல்லித் திரிஞ்சனான், எனக்குத் தெரியாது பார்.” பிறகு மனைவியைப் பார்த்தார். “அப்ப உங்கட வீட்டுக்குக் கண் தெரியாது, பிள்ளை.”

மனைவி கை கழுவிவிட்டுக் கறி வெட்டும் கத்தியை எடுத்தாள். “குருட்டு வீடெண்டு சொல்லிப்போட்டு மச்சாளைப் போக விடேலாது.”

மேலே போய், பெயின்ட்டைச் சட்டத்தின் நாலு பக்கமும் கீறினாள். நான் உள்ளங்கையால் தள்ள, யன்னல் ஒரு வெடிச் சத்தத்தோடு விட்டது. ஈரக்குளிர் உள்ளே வந்தது.

“ரெண்டு விரல்தான் மச்சாள். அதுவும் அறைக் கதவைச் சாத்திப்போட்டு.”

“ஓம், ஓம்” என்றபடி அக்கா பெட்டியைக் கட்டிலில் தூக்கி வைத்தார்.

“தம்பி, ஹாங்கர் இருக்கோ? நிறைய வேணும்.”