ஜன்னல் உயரத்தில் ஒரு ரயில்

1. வேலை வந்த விதம்

ஜெரோம் அண்ணாச்சி ஸ்டுடியோவுக்குள் வந்தபோது நான் ஒரு வளைகாப்பு வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தேன். அவர் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் மணப்பாடு. வீடு கட்டியது தூத்துக்குடியில்.

"ஏளா செல்வராணி, ஒரு ரயிலு ஓடுது. வீடியோ எடுக்கணும்."

"எந்த ஸ்டேஷன் அண்ணாச்சி? பெர்மிஷன் வாங்கணுமே."

"எங்க வீட்டு மாடியில."

மாடி அறையை முழுதாக அடைத்து ஒரு பிளைவுட் மேஜை. அதன்மேல் பிரான்சு தேசம். நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு, எச்.ஓ. ஸ்கேல் என்றார். கல் பாலம், சுரங்கம், ஓட்டுக் கூரை வைத்த சரக்குக் கொட்டகை, ஒரு நீள மதில். தண்டவாளத்தை ஒட்டிய செம்மண் மட்டும் நம் தேரி மணல். அந்த நிறம் வேறு எங்கும் கிடைக்கவில்லையாம்.

பிரான்சில் மாடல் ரயில் கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. கண்காட்சிக்கு நேரில் வர முடியாதவர்கள் வீடியோ அனுப்பலாம். ஒரே ஷாட்டாக இருக்க வேண்டும், கட் கூடாது, வண்டி நடுவில் நிற்கக் கூடாது. சத்தம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

கீழே இறங்கும்போது அண்ணாச்சியின் மனைவி ரோஸ்லின் அக்கா காபி தந்தார்.

"பாத்தியா பிரான்சை? நான் அந்த ரூமுக்குள்ள கால் வைக்கதில்ல."

"ஏன்க்கா?"

"எங்க மூத்த பிள்ள காய்ச்சல்ல செத்தப்ப இவரு அங்கனதான் இருந்தாரு. தந்தி கொடுத்தோம். வரல. மண்ணு போட நானும் எங்க அண்ணனுந்தான் போனோம். இவரு சாவகாசமா ஊர் சுத்திட்டு வந்தாரு. சுத்துன ஊரத்தான் மேல கட்டி வச்சிருக்காரு."

காபி நன்றாக இருந்தது.

2. ட்ரைபாட் பிரச்சினை

முதல் நாள் ட்ரைபாடை மணவறைக்கு வைக்கிற உயரத்தில் வைத்தேன். மானிட்டரில் பார்த்தால் எல்லாமே தப்பு. கூரைகளுக்குப் பின்பக்கம் பெயிண்ட் இல்லை. மலை ஓர் அட்டை. சுரங்கத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, பிளைவுட்தான்.

"அண்ணாச்சி, வேலை பாதியில நிக்குதே?"

"முடிஞ்சிட்டு. நீ கேமராவ கீழ இறக்கு."

இறக்கினேன். இன்னும் இறக்கச் சொன்னார். கடைசியில் லென்ஸ் கட்டிலில் தலையணை இருக்கும் உயரத்துக்கு வந்தது. அங்கிருந்து பார்த்தபோது மலை மலையாக இருந்தது. மதிலுக்கு மேலே பாலம் சரியாக எழுந்து நின்றது.

"கப்பல் இன்ஜின் ரூம்ல கால் ஒடிஞ்சி என்னய பிரான்சுல மார்செய் ஆஸ்பத்திரில போட்டுட்டுக் கப்பல் போயிட்டு. கால மேல தூக்கிக் கட்டிட்டானுவ. படுத்த மேனிக்கு ஜன்னல்ல தெரிஞ்சது இவ்வளவுதான். தெரியாதத நான் எப்படி செய்ய?"

"அக்காவுக்கு இது தெரியுமா?"

"கால் ஒடிஞ்சது தெரியும். ஆஸ்பத்திரிய விட்டு எப்ப வந்தேன்னு அவ கேக்கல. நானும் சொல்லல."

3. ஷாட்

தூத்துக்குடி உப்புக்காற்றில் தண்டவாளம் ஒரே நாளில் கறுத்துவிடும். கறுத்தால் கரண்ட் ஏறாது, வண்டி நின்றுவிடும். அண்ணாச்சி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபேன் போட்டால் மரங்கள் ஆடின, அணைத்தால் எங்கள் வேர்வை பிரான்சின்மேல் சொட்டியது. ஒருமுறை பல்லி ஒன்று பாலத்தைக் கடந்தது. லென்ஸில் அது முதலை அளவு இருந்தது.

அடுத்து கதவு. கொண்டி துருப்பிடித்துப் போயிருந்ததால் கடல்காற்றில் படார் படார் என்று அடித்தது. நான் கீழே பார்த்துக் கத்தினேன்.

"அக்கா, கொஞ்சம் வந்து கதவப் பிடிங்க. ஒரே ஒரு ஷாட்டுதான்."

வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். அவர் தலை என் லென்ஸுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் இருந்தது.

நான் ரெக்கார்ட் அழுத்தினேன். அண்ணாச்சி கன்ட்ரோலரை மெதுவாகத் திருப்பினார். சரக்கு வண்டி சுரங்கத்திலிருந்து வெளியே வந்தது.

வண்டி மதிலைத் தாண்டும்போது அக்கா பேசினார்.

"இதுதானா? வேற ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது. படுத்த கட்டில்லருந்து இவ்வளவுதான்."

"ஊரு? கடலு?"

"நான் பாக்கல. கட்டுப் பிரிச்சதும் ஏர்போர்ட்டுக்குத்தான் கொண்டு போனானுவ."

வண்டி பாலத்தில் ஏறியது. கட் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி கன்ட்ரோலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தந்தி வந்தப்பவும் இங்கனதான் கிடந்தீயளா?"

"ஆமா. நர்ஸு வாசிச்சா. அவளுக்கு இங்கிலீஷ் சரியா வராது. ரெண்டு தடவ வாசிச்சா. அப்ப ஒரு சரக்கு வண்டி போய்க்கிட்டு இருந்து. நான் பெட்டிய எண்ணுனேன்."

அக்கா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வண்டி பாலத்தைக் கடந்து, கொட்டகையைச் சுற்றி, நிற்காமல் சுரங்கத்துக்குள் போனது. அன்று முழுக்க அது ஒன்றுதான் சரியாக வந்த ஷாட்.

4. டெலிவரி

மறுநாள் அண்ணாச்சியிடம் போட்டுக் காட்டினேன். "பேச்ச மியூட் பண்ணிரலாம். ரூல்ல சத்தம் கட்டாயம் இல்லல்லா."

"வேண்டாம். அப்படியே அனுப்பு."

கண்காட்சியில் காட்டினார்கள். பரிசு எதுவும் வரவில்லை. பாலம் நன்றாக இருக்கிறது என்று மெயில் வந்தது. வீடியோவில் பேசுகிற அந்த அம்மா என்ன கேட்டார்கள் என்று விசாரித்தும் ஒரு வரி.

"என்ன பதில் போட்டீய?" என்றேன்.

"ரயிலப் பத்தி விசாரிச்சான்னு போட்டேன்."

அக்கா இப்போது மாடிக்குப் போகிறார் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று. ட்ரைபாடை நிறுத்துவதற்கு முன்னால், "நீங்க எங்கன இருந்து பாத்தீய?" என்று கஸ்டமரிடம் கேட்டுவிடுங்கள். நான் இப்போது கல்யாண வீடுகளிலும், யார் எங்கிருந்து பார்ப்பார்கள் என்று கேட்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அம்மா பெரும்பாலும் ஆள்களுக்குப் பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். அங்கேயும் ஒரு கேமரா வைக்கிறேன்.