ஓங்கிய கையோடு நின்றுபோன படம்

என் மனைவியின் கைபேசிக்கு எந்தக் கம்பெனி நல்லது என்று பார்க்கத் தொடங்கியபோது, ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வருகிற பில்லில் எந்த விதி மீறப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவதுதான் அங்கே என் தொழில். அதை நன்றாகச் செய்தேன் என்பதற்குத் தென்காசியில் இன்றும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போகிறவர்களே சாட்சி. அப்படிப்பட்டவனுக்கு ஒரு ரீசார்ஜ் பிளானைப் படித்துப் புரிந்துகொள்வது எம்மாத்திரம்?

எங்கள் தேவை மிகச் சிறியது. மனைவிக்கு ஒரு தங்கை. பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. ஆய்க்குடியில் தனியாக வீடெடுத்து இருக்கிறாள். ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். கல்யாண மாதங்களில் அவள் வீட்டு வாசலில் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். நாங்கள் இருப்பது மேலகரத்தில். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் மனைவி பஸ் ஏறுவதில்லை, தங்கைக்கோ தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. ஆகவே தினமும் விளக்கேற்றியபின் வீடியோ காலில் பேசிக்கொள்வார்கள். காப்பித்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் காலியாக வைத்துக்கொண்டு என் மனைவி எதிரே உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் சத்தமே இருக்காது. வளையல் சத்தம் மட்டும் கேட்கும்.

அவர்களுடைய சைகைகள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தந்தவை அல்ல. சிறு வயதில் இரண்டு பேருமாக உண்டாக்கிக்கொண்டவை. உச்சந்தலையில் இரண்டு கையாலும் தட்டினால் குற்றாலம். மூக்கைச் சுருக்கினால் அவர்களுடைய சித்தப்பா. எனக்கும் ஒரு சைகை உண்டு: வலது கையை முஷ்டியாக மடக்கி மேலே ஓங்கி, இடது உள்ளங்கையில் ஓர் அடி. ஆபீஸ் முத்திரை குத்துகிற ஆள் என்று அர்த்தம். கருவூலத்தில் முத்திரை குத்தியவர் வேறொருவர். எனக்கு அந்தப் பதவி நிச்சயதார்த்தத்தன்று கிடைத்தது, இன்னும் ஓய்வு தரவில்லை. மற்றபடி அவர்கள் பேசுவதில் எனக்குப் புரிவது சாப்பாடு, மழை, தூக்கம் இவ்வளவுதான்.

சில மாதங்களாகப் படம் நிற்கத் தொடங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கையின் முகம் அப்படியே உறைந்துவிடும். பிறகு நின்ற நேரத்துக்கெல்லாம் சேர்த்துக் கைகள் படபடவென்று ஓடும். காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். இவர்களுக்குப் படம்தான் குரல். கம்பெனியை மாற்றிவிட வேண்டியதுதான் என்று நான் முடிவெடுத்தேன்.

தென்காசி ரத வீதியில் எனக்குத் தெரிந்த செல்போன் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்த பாய்.

"இதுல தெனம் ஒண்ணரை ஜிபி அண்ணாச்சி. இதுல ரெண்டு. இந்தா, இது அன்லிமிடெட்."

"அன்லிமிடெட்னு போட்டு, கீழே தினசரி அளவுன்னும் போட்டிருக்கே பாய்?"

"அந்த அளவு வரைக்கும் அன்லிமிடெட்."

"அதைத் தாண்டினா?"

"தாண்டினாலும் அன்லிமிடெட்தான். வேகம் மட்டும் இருக்காது."

நான் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை படித்தேன். எங்கள் இலாகாவில் இப்படி ஓர் உத்தரவு வந்திருந்தால் தெளிவுரை கேட்டு எழுதியிருப்பேன். 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அடியில் அதே நட்சத்திரத்தைத் தேடிப் போனால், 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இருந்தது. நிபந்தனைகள் எங்கே என்றால் இணையத்தில். இணையத்துக்குப் போக நல்ல நெட்வொர்க் வேண்டும்.

சிக்னல் போதாது என்று ஒன்றை முதலிலேயே தள்ளிவிட்டு, மூன்று கம்பெனிகளை எடுத்துக்கொண்டேன். இருப்பது ஒன்று, மாற நினைப்பது இரண்டு. மூன்றிலும் பிளான்களின் காலம் வேறு வேறு. ஒன்றை மாதம் என்கிறார்கள், ஆனால் மாதத்தைவிடக் குறைவு. ஒன்றில் சினிமா இலவசம், ஒன்றில் பாட்டு இலவசம், எல்லாவற்றிலும் பேச்சு இலவசம். என் கொழுந்தியாளுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். அசையும் ஒரு கை அசைகிறபடியே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எந்தப் பிளானிலும் ஒரு கட்டம் இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்கும் பேசிப் பார்த்தேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "வாய்ஸ் கால் ட்ரை பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"பேசுற அந்த அம்மாவுக்குக் காது கேக்காதும்மா."

"ஓகே சார். வாய்ஸ் கட் ஆகுது, சரியா சார்?"

"வாய்ஸே கிடையாது."

"புரியுது சார். வாய்ஸே வரல. கம்ப்ளெயின்ட் பதிவு பண்ணிட்டேன்."

மறுநாள், 'உங்கள் குரல் அழைப்புக் குறை தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. ஒரு புகாரை இவ்வளவு சுத்தமாக முடித்துவைக்கும் திறமையை நான் பணியில் இருந்த காலத்தில் கண்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். தன்னுடைய கம்பெனிதான் சிறந்தது என்று அடித்துச் சொன்னார்.

"ஃபுல் டவர் அண்ணாச்சி! ஒரு கோடு கொறையாது."

"எங்கன வச்சு?"

"மாடியில. தண்ணித்தொட்டி பக்கத்துல மலையப் பாத்து நிக்கணும்."

"உக்காந்தா?"

"உக்காந்தா போயிரும்."

என் மனைவியை அந்த முழங்காலோடு மாடியேற்றி, மலையைப் பார்த்து நிற்க வைத்து, தங்கையோடு பேசச் சொல்வதா? அந்தக் கம்பெனியைத் தள்ளுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டுக்குள் வராத சிக்னல் என் வீட்டுக்குள் வரலாம். வராமலும் போகலாம். மறுபடி பாயிடம் போனேன்.

"நீங்க இப்பம் பாத்து என்ன செய்ய அண்ணாச்சி? சாரல் விழட்டும். குத்தாலத்துல கூட்டம் எறங்கிட்டுன்னா எல்லா டவரும் ஒண்ணுதான். அருவிக்கரையில நிக்கிறவன் பூரா லைவ் போடுதான். ஆமா, ஆய்க்குடி என்ன அமெரிக்காவா? ஒரு ஆட்டோ புடிச்சா போயிரலாம்லா?"

"தினமுமா?"

"அது சரி," என்று இன்னொரு பிளானைக் காட்டினார்.

இப்படி நான் ஆராய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் ஒரு மாலை, மனைவி தங்கையிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் எந்தக் கம்பெனி என்று முடிவு செய்யவில்லை என்று குறை சொல்லியிருப்பாள். அவள் முகத்தில் இருந்த எரிச்சலிலிருந்தே தெரிந்தது. அப்போது படம் நின்றது. வெகு நேரம் நின்றது. இவளும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சனியன்" என்று சொல்லி போனை அணைத்தாள்.

மறுநாள் தங்கை கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. பிறகு எழுத்தில் ஒரு செய்தி வந்தது: 'அக்கா நான் போன் இனி வேண்டாம். என்னால் உனக்குக் கஷ்டம். சீசன் வரல.'

அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் என் மனைவியை உலுக்கிவிட்டன. வருஷம் முழுக்க மிஷினை விட்டு எழுந்திருக்காதவள், குற்றால சீசனில் சாரல் விழுந்ததும் தையலை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டில் வந்து தங்குவாள். அக்காளும் தங்கையும் அருவியில் குளிப்பார்கள். என் மனைவி கல்யாணமாகி வந்ததிலிருந்து அது தவறியதில்லை. முழங்கால் ஆபரேஷனைக்கூட சீசன் முடிந்த பிறகு என்று டாக்டரிடம் அடம்பிடித்துத் தள்ளி வைத்தவள் இவள்.

'என்ன ஆச்சு' என்று எழுதிப் போட்டாள். 'ஒன்றும் இல்லை. நீ நல்லா இரு' என்று பதில் வந்தது. அவர்கள் பேச்சு எழுத்துக்குள் அடங்குகிற பேச்சு அல்ல.

"நான் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றேன்.

"நீங்க போயி என்ன பேசுவிய? கையக் கட்டிக்கிட்டு நிப்பிய."

"அப்போ என்னதான் செய்ய?"

"ஒப்பிட்டுப் பாக்கேன், ஒப்பிட்டுப் பாக்கேன்னு நீங்க முடிக்கதுக்குள்ள என் தங்கச்சி எனக்கு இல்லாமப் போயிட்டா. கோட்டிக்காரத்தனமா உக்காந்து படிச்சுக்கிட்டே இருக்கிய. மாத்துங்க! எதையாவது மாத்துங்க!"

விதிப்படி மாற்றினேன். செய்தி அனுப்பி, குறியீட்டெண் வாங்கி, ஆதாரோடு மனைவியை ஆட்டோவில் அழைத்துப்போய் பாயின் கடையில் புகைப்படம் எடுத்தாயிற்று. மாற நினைத்த இரண்டில் எதை எடுத்தேன் என்று கேட்டால், பாய் அந்த நேரத்தில் கையில் எடுத்த சிம்மைத்தான். மூன்று மாதத்துக்கு மறுபடி மாற முடியாது என்பது எனக்குத் தெரியும். எதற்காக அதை எடுத்தேன் என்பது தெரியாது. பழைய சிம் செத்தது. புதியது உடனே உயிர் பெறவில்லை. அதுதான் நடைமுறை, இடையில் சில மணி நேரம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல் இருக்க வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் தங்கை மனது கேட்காமல் கூப்பிட்டிருக்கிறாள். போகவில்லை. மறுபடியும் மறுபடியும் போகவில்லை. மறுநாள் காலையில் கேட் திறக்கிற சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது, கையில் பையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

வா என்று கை காட்டினேன். என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். அக்காளின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தானையை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பி, என்னைச் சுட்டிக்காட்டிவிட்டு, முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே ஓங்கி அப்படியே நிறுத்தினாள். முகத்தில் பத்ரகாளி.

நான் இரண்டடி பின்னால் போனேன். குற்றமுள்ளவன்தான் பின்வாங்குவான் என்று அவள் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாள் என்று பிற்பாடு தெரிந்தது.

என் மனைவியும் ஒன்றும் புரியாமல்தான் நின்றாள். தங்கை அதே கையை மறுபடி ஓங்கி நிறுத்தினாள். பிறகு போனைக் காட்டினாள். சட்டென்று என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் முஷ்டியை ஓங்கினாள். கொஞ்ச நேரம் நிறுத்தினாள். பிறகு கீழே இறக்கி இடது உள்ளங்கையில் குத்தினாள். மறுபடி ஓங்கி, மறுபடி குத்தினாள்.

தங்கையின் வாய் திறந்தபடி நின்றது.

"ஒங்களுக்கு விளங்கலையா?" என்று என்னைக் கேட்டாள் மனைவி. "அன்னைக்கு ஒங்களப் பத்திச் சொல்லும்போதுலா படம் நின்னுச்சு. கை மேல இருக்கும்போதே நின்னுருக்கு. எறங்கவே இல்ல. அவளுக்கு நான் ஓங்கின கையும் சிடுசிடுத்த மூஞ்சியுமா தெரிஞ்சிருக்கு. நீங்க என்னைப் போட்டு அடிக்கியன்னு நெனச்சுட்டா. அதுவும் அவ தெனம் கூப்பிடுததாலதான் சண்டைன்னு."

முழுமையாகப் போய்ச் சேர்ந்தால் அரசு ஊழியன். பாதியில் நின்றால் மனைவியை அடிக்கிறவன். இதை எந்தப் புகார்ப் பிரிவில் பதிவது? பழைய கம்பெனியிலா, அது இப்போது எங்கள் கம்பெனி இல்லையே. தங்கையின் கம்பெனியிலா? நின்றது இங்கே அனுப்பியதா, அங்கே வாங்கியதா? இத்தனை நாள் ஆராய்ந்தவன் ஒரு முறைகூடத் தங்கையின் போனில் இருப்பது எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். நான் சிக்னல் போதாது என்று முதலிலேயே தள்ளிய கம்பெனி.

அவள் தங்கிவிட்டாள். முதல் நாள் முழுக்க என் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈ ஓட்டக் கையைத் தூக்கினாலும் தலை திரும்பியது. மறுநாள் எனக்குத் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். சந்தேகத்தின் பலன் எனக்குக் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வந்த மூன்றாம் நாள் மலையில் மேகம் இறங்கி, சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலாகச் சொன்னார். இரண்டு பேரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, மாற்றுப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு ஆட்டோவுக்குச் சொன்னார்கள். அதற்குள் நான் ஒரு சோதனையை முடித்துவிட நினைத்தேன். மனைவியை அடுக்களையிலும் தங்கையைக் கூடத்திலும் நிறுத்தி வீடியோ கால் போடச் சொன்னேன். நடுவில் ஒரு சுவர். படம் நின்றது. இடத்தை மாற்றி நிற்கச் சொன்னேன். அப்போதும் நின்றது.

"யாருது நிக்கி? உன்னுதா, அவளுதா?"

"எனக்கென்ன தெரியும்? ஆட்டோ வந்துட்டு."

"ரெண்டு நிமிஷம்."

"நீங்களே நின்னு பாருங்க. தண்ணியில நனைஞ்சிரும், ரெண்டையும் வச்சுக்கிடுங்க."

இரண்டு போன்களையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தங்கை அக்காளின் முழங்கையைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோ தெரு முனை திரும்பும்வரை அந்த நான்கு கைகளும் ஓயவில்லை.

கால் இன்னும் துண்டிக்கப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றை வலது பக்கமும் ஒன்றை இடது பக்கமும் மேஜையில் சாய்த்து வைத்தேன். இரண்டிலும் நான் இருந்தேன். தலையை அசைத்தேன். வலது பக்கத்து நான் உடனே அசைத்தான். இடது பக்கத்து நான் அசைக்கவில்லை. சரி, இடதுதான் என்று முடிவு செய்து எழுதப் பேனாவை எடுத்தேன். அதற்குள் இடது பக்கத்தவன் தலையை அசைத்துவிட்டான். வலது பக்கத்தவன் பேனாவைப் பாதி தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான்.