எதோடும் சேராத சரக்கு

கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்கு எட்டாத, நாக்கிலும் படாத சரக்கை விற்றுப் பிழைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் இனம். திருப்பூரில் ஆர்கானும் ஹீலியமும் சிலிண்டரில் விற்கிறேன். பாடப்புத்தகத்தில் இவற்றை மந்த வாயுக்கள் என்பார்கள். முப்பத்தி நாலு வயதில் கடைசியாக ஒரு வரன் கூடி வந்த நேரத்தில், இந்த வாயுக்கள் என் கல்யாணத்தையே கலைக்கப் பார்த்தன.

கனம் பார்த்தவர்

அந்தோணி அண்ணன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கம் இருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சர்ச் விழாவுக்குப் பலூன் ஊத ஹீலியம் வாங்க வந்தார். வீட்டு கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தே பழகிய கை, சும்மா இருக்குமா? காலி சிலிண்டரை ஒருமுறை சாய்த்துப் பார்த்தார், நிறைந்ததை ஒருமுறை சாய்த்தார். இரண்டும் ஒரே கனம். என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஹீலியத்துக்கு எடையே மிகக் குறைவு, கனமெல்லாம் இரும்புதான் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. ஒரு பலூனை ஊதிக் காட்டினேன். அது விர்ரென்று போய்க் கூரையில் முட்டியது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "பலூனையே தூக்குத வாயுன்னா, நெறஞ்ச சிலிண்டருல்லா லேசா இருக்கணும் தம்பி?"

மச்சான் போதும்

சோமனூர்ப் பக்கம் பழனிச்சாமி அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். சாயத் தொட்டிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங். முதல் ஆர்கான் சிலிண்டரை இறக்கியதும், "இது என்னங்க பண்ணும்?" என்றார். எதுவும் பண்ணாது என்று உண்மையைச் சொன்னேன். வெல்டிங் பிடிக்கும் இடத்தைச் சுற்றி நிற்கும், காற்றைக் கிட்டே விடாது, அவ்வளவுதான் அதன் வேலை.

அவர் பட்டறைக்குள் திரும்பிப் பார்த்தார். "எங்க மச்சான் நாள் பூரா ஒண்ணும் பண்ணாம வெல்டிங்கைச் சுத்தித்தானுங்க நிக்கறாரு, அவரையே வெச்சுக்கலாமுங்களா?"

விசாரித்து வந்தவர்

பெண் வீடு பெருமாநல்லூர். மாப்பிள்ளையைப் பற்றி அவனுடைய வாடிக்கையாளரிடம் விசாரிப்பது எங்கள் ஊர் வழக்கம். பெண்ணின் அப்பா விசாரித்தது இந்த இரண்டு பேரிடம். ஒருவர், "காலி சிலிண்டர் மாதிரிதான் இருக்கும்" என்றிருக்கிறார். இன்னொருவர், "ஒண்ணும் பண்ணாத சரக்குங்க" என்றிருக்கிறார்.

நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று உட்கார்ந்ததுமே இதைக் கேட்டுவிட்டார். பதறிப்போய் நான் அணுவிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா காலை மிதித்தும் நிறுத்தவில்லை. நடுவில் கரு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக எலெக்ட்ரான்கள். முதல் வட்டத்தில் இரண்டுக்குத்தான் இடம், அடுத்ததில் எட்டு. சோடியத்தின் கடைசி வட்டத்தில் ஒன்று உபரி, குளோரினுக்கு ஒன்று குறை. ஒன்று கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து சமையல் உப்பாகும். ஆர்கானுக்குக் கடைசி வட்டத்தில் எட்டும் இருப்பதால் யாரையும் தேடிப் போகாது, எதோடும் சேராது.

பெரியவர் முகம் இருண்டது. "ஏனுங்க தம்பி, முப்பத்தி நாலு வயசு வரைக்கும் தனியா இருந்திருக்கீங்க, அந்தக் கொணம் உங்களுக்கும் ஒட்டிருச்சுங்களா?"

எக்ஸ்போர்ட் ஆபீஸ் கேள்வி

அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இதுவும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்தது. அந்த நேரத்தில்தான் பெண், சுகந்தி, முன்னால் வந்தார். எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பழகியவர்.

"ஹீலியத்துக்கு எத்தனை வட்டமுங்க?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க."

"அதுல எத்தனை பேருக்கு இடம்?"

"ரெண்டு பேருக்குங்க."

அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "பாத்துக்குங்கப்பா, ரெண்டே பேரு இருந்தா ஊடு நெறஞ்சிருமாமா. எனக்கு இவரு போதும்."

எதோடும் சேராத சரக்கை விற்றே நான் குடும்பஸ்தன் ஆகிவிட்டேன், ஆனால் நிறைந்ததா காலியா என்று அந்தோணி அண்ணனுக்கு என் சிலிண்டர் மேல் இருந்த சந்தேகம் சுகந்திக்கு இப்போது அடிக்கடி என் தலை மேல் வருகிறது.