மரகதம் எழுதாமல் விட்ட யானை

சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மரகதம் கொழுந்து பறிக்கிறாள். யானையைக் கண்டால் நேரத்தையும் இடத்தையும் நோட்டில் குறித்து வைப்பதும் அவள் வேலை. நான்கு வருடமாக அந்த நோட்டை வாங்கிக் கணக்குப் போடுகிறவன் லோயிஸ், கணிதம் படித்த ஆராய்ச்சிக்காரன். காட்டையும் தோட்டத்தையும் சிறு சதுரங்களாகப் பிரித்து, யானை எதிலிருந்து எதற்கு நகரும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பான்.

அன்று தேநீர் வேளையில் அவன் படத்தை விரித்தான். யானை நடமாடும் சதுரங்கள் சிவப்பு. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் உள்ள ஓடை மட்டும் வெள்ளை.

“இங்க ஒரு தடவகூட வரலைக்கா. மின்வேலிய இதுக்குக் குறுக்க போடலாம்னு திங்கக்கிழமை வனத்துறை கூட்டத்துல சொல்லப் போறேன்.”

மரகதம் தேநீரைக் கீழே வைத்தாள். காது கிழிந்த பெண் யானை குட்டியோடு தண்ணீருக்கு இறங்குவது அந்த ஓடை வழியாகத்தான். நோட்டில் ஏறிய யானையைப் பிடித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று லயத்தில் பேச்சு. அதனால் மற்ற யானைகளை எல்லாம் எழுதியவள், இந்தத் தாயை மட்டும் எழுதவில்லை. இப்போது சொன்னால் நோட்டு வேலை போகும். சொல்லாவிட்டால் தாய்க்கும் குட்டிக்கும் வழி போகும்.

“என்னடி, பொண்ணு பாக்க வந்த மாதிரி தலையக் குனிஞ்சுட்ட?” என்றாள் பக்கத்தில் இருந்த கருப்பம்மாள்.

“காது கிழிஞ்சவ ஒருத்தி குட்டியோட அந்த ஓடைக்கு வர்றா தம்பி. புடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு நான்தான் எழுதல,” என்றாள் மரகதம் லோயிஸிடம்.

லோயிஸ் படத்தைச் சுருட்டி வைத்தான். திட்டுவான் என்று மரகதம் நினைத்தாள்.

“இந்த நோட்டு யானையப் புடிக்க இல்லைக்கா, அது போற வழிய விட்டுவைக்கத்தான். அத நான் ஒருநாளும் உங்ககிட்ட சொன்னதே இல்லையே,” என்றான். “வந்த தேதி ஏதாவது ஞாபகம் இருக்கா?”

“தேதிக்கு எங்க போறது? பக்கத்து வீட்டு ஹாஜிரா நிக்காஹ் அன்னிக்கு வந்தா. கருப்பம்மா மகன் பத்தாவது பாஸான அன்னிக்கு வந்தா. அதுக்கு முந்தி அவன் பெயிலான ரெண்டு தடவையும் வந்தா.”

“பெயிலானத எழுதாதீங்க தம்பி!” என்றாள் கருப்பம்மாள்.

“ரிசல்ட் வந்த நாளுக்குத்தான்க்கா தேதி சரியாக் கிடைக்கும்,” என்று லோயிஸ் சிரித்தபடி எழுதினான். பிறகு நிமிர்ந்தான். “கூட்டத்துல நீங்களே வந்து சொல்லணும்க்கா. என் படத்துல இல்லாதத நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

“மறச்சேன்னு அத்தன பேர் முன்னாடி சொல்லணுமா?”

“ஆமாக்கா.”

மரகதம் சரிவைப் பார்த்தாள். ஓடைக்கரையில் நாணல் மிதிபட்டுச் சாய்ந்து கிடந்தது.

“அப்ப திங்கக்கிழமைக்கு லீவு எழுதிக் குடுக்கணும்,” என்றாள். “பேனாவக் குடுங்க தம்பி.”