துணி கட்டிய ஜாடி

என் அண்ணிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பை ரிப்பேர் கடையில் ஜிப் மாற்றுவதுதான் அவள் வேலை. தேறாது என்று சொல்லி ஒரு பையையாவது திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான். அந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த புதிதில், குழைந்துபோன ஒரு கொய்யாப் பழத்தைக் குப்பையில் போட மனசில்லாமல் கொல்லை மூலையில் புதைத்தாள். அது முளைத்து வளர்ந்து இப்போது மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. அந்த வீட்டில் நிழல் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். லீவு நாளில் அதன் அடியில் உட்கார்ந்துதான் ஜிப் தைப்பாள்.

மரம் காய்ப்பதில் கஞ்சத்தனம் பார்க்காது. பருவம் வந்தால் எல்லாம் ஒரே சமயத்தில் கனிந்து பொத்துப் பொத்தென்று விழும். ஈ மொய்க்கும். போன வருஷம், மாடியில் தனியாக இருக்கும் வீட்டுக்காரம்மா துணி காயப்போட வந்தவர், அழுகிய பழத்தை மிதித்து வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இந்த வருஷம் பூ விட்டதுமே சொல்லிவிட்டார்: மரத்தடியில் ஒரு பழம் கிடந்து அழுகினாலும் சரி, மாடிக்கு ஈ வந்தாலும் சரி, ஆளைக் கூப்பிட்டு மரத்தை வெட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. உடைந்தது அவர் கை அல்லவா.

அண்ணி வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். விடிந்ததும் கூடையோடு மரத்தடிக்குப் போய்விடுவாள். கொஞ்சம் கெட்டியாக இருந்தால் சாப்பிட எடுத்து வைப்பாள். குழைந்ததை விதை போக வடிகட்டி ஜாம் கிளறுவாள். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும் என்பதால் அந்த நேரத்தில் யார் பேசினாலும் எரிந்து விழுவாள். அடிபட்டது வினிகருக்கு. புழு வைத்ததைக் குழியில் போட்டு மேலே சருகும் மண்ணும் தள்ளுவாள். நான் வாரக் கடைசியில் போனால் தட்டில் கொய்யா, ரொட்டியில் கொய்யா, டம்ளரிலும் கொய்யா. இப்படியே போனால் சோப்பும் கொய்யாவில்தான் என்று கிண்டல் செய்தேன். அண்ணி சிரிக்கவில்லை. சோப்பு செய்ய முடியுமா என்று யோசித்தாள்.

வினிகருக்கு மசித்த பழத்தைச் சர்க்கரைத் தண்ணீரோடு பெரிய பிளாஸ்டிக் ஜாடியில் ஊற்றி, வாயில் மெல்லிய துணி கட்டி வைக்க வேண்டும். அது நுரைத்துப் பொங்கும்; காற்று வெளியே போக வழி வேண்டும். இது அண்ணிக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. அண்ணன் பிளம்பர். எங்கே எது கசிந்தாலும் தன்னை அவமானப்படுத்தத்தான் என்று நினைக்கிற ஆள். விருந்துக்குப் போன வீட்டில்கூடக் குழாயை ஒரு திருகு திருகிவிட்டுத்தான் உட்காருவான். ஒரு நாள், துணியின் ஓரத்தில் நுரை வழிவதைப் பார்த்திருக்கிறான். துணியை அவிழ்த்தான். பைப்புக்குச் சுற்றும் டேப்பை ஜாடியின் மரையில் சுற்றி, மூடியைப் போட்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினான். நல்லது செய்தால் சொல்லிக்காட்டக் கூடாது என்பது அவன் கொள்கை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் லீவு. நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் இருந்தபோது வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். முகம் சரியில்லை. மாடிக்கு ஈ வருகிறது என்றும், மரம் வெட்டும் ஆளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அண்ணி அடுப்பை அணைத்தாள். அவள் வாயெடுப்பதற்குள் அலமாரியில் இருந்த ஜாடி முந்திக்கொண்டது.

படாரென்று ஒரு சத்தம். மூடி கூரையில் மோதி எங்கோ போய் விழுந்தது. பீய்ச்சியடித்த கூழில் பாதி கூரைக்கு, பாதி வீட்டுக்காரம்மாவின் தலைக்கு. தரையெல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டது. ஈக்குப் பேர்போன அந்த வீட்டில் அண்ணன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. மரத்தின் கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அண்ணி ஜாடியையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டியபடி கூழுக்குள் வெறுங்காலோடு நடந்தாள்.

"அம்மா, அப்படியே நில்லுங்க. காலெடுக்காதீங்க, வழுக்கும். என் கையப் புடிச்சுக்குங்க. அந்தக் கை வேணாம், இந்தக் கை."

உடைந்து கூடிய கையைத் தொடாமல் மற்றதைப் பிடித்து, ஒவ்வொரு அடியாகப் பின்வாசல் படிவரை கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நான் துண்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் பின்னாலேயே வந்து, மூடியது தான்தான் என்றும், கசிவதைக் கண்டால் தன் கை சும்மா இருக்காது என்றும் ஒப்புக்கொண்டான். வீட்டுக்காரம்மா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணியின் கையையும் விடவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு விழுந்து ரொம்ப நேரம் அங்கயே கெடந்தேன்," என்றார். "கூப்பிட்டுப் பாத்தேன், யாரும் வரல. மரத்து மேல எனக்கென்ன கோவம்? அப்படித் தனியா கெடந்ததுதான் மனச விட்டுப் போக மாட்டேங்குது."

அன்றைக்கு அண்ணி கடையில் இருந்தாள். அது அவளையும் ஒரு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது.

"காலைல நான் பழம் பொறுக்கும்போது நீங்களும் கீழ வாங்கம்மா. நான் பக்கத்துலயே இருக்கேன்."

 வீட்டுக்காரம்மா காதோரம் வழிந்த கூழைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடுறேன். ஆனா ஒண்ணு. உன் புருஷன் இனிமே எந்த மூடியையும் தொடக் கூடாது."

அண்ணன் இவ்வளவு வேகமாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

இப்போது துணி கட்டிய ஜாடி மாடியிலும் இரண்டு இருக்கிறது. அவற்றைக் கடந்து போகும்போது அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். வீட்டுக்காரம்மா முதலில் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மரத்தடிக்கு வந்தார். போன வாரம் நான் போயிருந்தபோது, அண்ணி எழுந்திருப்பதற்கு முன்பே அவர் கூடையோடு தனியாக வந்து நின்று, சமையலறை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒரே குரல்தான். அண்ணி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.