ஆயம்மாளுக்கு ஆகாத மாத்திரை

ரேஷன் கடையிலிருந்து தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கு ஏறும் பாதையில், வளைவுக்கு வளைவு ஆயம்மாள் குனிந்துவிடுகிறாள். மணத்தக்காளி இணுக்கு ஒன்று, குப்பைக்கீரை ஒன்று என்று கிள்ளி மடியில் போட்டுக்கொள்கிறாள். வீடு வந்து சேர்ந்து பார்த்தால் ஒரு வாய்க்குக்கூடக் காணாது. மூச்சு வாங்குவது ஊர்க்கண்ணில் படக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடு. யாராவது நின்று கேட்டுவிட்டால், “குளுருங்க, நெஞ்சைப் புடிக்குது” என்று மலையின் தலையில் பழியைப் போட்டுவிடுவாள்.

கொழுந்து பறித்த காலத்தில் அவள் வாயும் கையும் போட்டி போடும். “அட்டைகூட ரத்தம் குடிச்சா விட்டுருமுங்க மேஸ்திரி, நீங்க விட மாட்டீங்களே” என்பாள். இப்போது கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் குழியாகவே கிடக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. அரிசி மூட்டையில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். நாக்கு மட்டும் இளைக்கவில்லை.

கணவர் காளிமுத்து டீ ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போடுகிறவர். அவருக்கும் பிரசர் உண்டு. லைன் வீடுகளில் தைலத்தைப் போல மாத்திரையும் கைமாறும். ஒருவருக்குக் கேட்டது எல்லோருக்கும் கேட்கும் என்பது அங்கே எழுதாத சட்டம். விதவிதமாக மாத்திரை போட்டும் மனைவிக்குப் பிரசர் இறங்காததைக் கண்டு மனிதர் தவித்துப்போனார். “எனக்கு நல்லாக் கேக்குது புள்ள, நீயும் போடு” என்று தன் மாத்திரையைத் தினமும் அவள் வாயில் போட்டு வந்தார். பாசத்தில் கொடுத்ததுதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மகள் சசிகலாதான் கூட்டிப்போனாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், பையிலிருந்த மாத்திரை அட்டைகளில் காளிமுத்துவுடையதைத் தனியே எடுத்து வைத்தார்.

“ரெண்டு கிட்னிக்கும் ரத்தம் போற குழாய் சுருங்கியிருக்கும்மா. ரத்தம் பத்தாம கிட்னி பிரசரை ஏத்தி விடுது. அந்தப் பிரசர் இதயத்தை அடிச்சு, நுரையீரல்ல நீர் கோத்துக்குது. இப்படி இருக்கறவங்களுக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது. யார் குடுத்தது? இருந்த கொஞ்ச உயிரும் கிட்னியில இப்பப் போயிருச்சு. இனிக் குழாயை விரிச்சுப் பிரயோசனமில்லை. டயாலிசிஸ் தாங்க இதயத்துல தெம்பும் இல்லை.”

பஸ் மலையேறும்போது மகள் அழுதாள். “அப்பாகிட்டச் சொல்லித்தானே ஆகோணும்?”

“சொன்னா அந்த மனுசன் தாங்க மாட்டாரு கண்ணு. போறவ நான் போறேன். அவரு கையாலதான் கெட்டேன்னு அவருக்கு எதுக்குத் தெரியோணும்?”

“டாக்டர் குடுத்ததே போதுமுங்க” என்று ஆயம்மாள் வீட்டில் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கிற ஆளில்லை. அதனால் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவர் நகர்ந்ததும் சாக்கடையில் துப்பிவிடுகிறாள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்தபிறகும் தேறிவருகிற மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது. பாவம், இதைவிடக் கொடிய வேலை எந்தத் தோட்டத்திலும் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மாத்திரையை ஊட்டிவிட்டுத் திரும்பிய காளிமுத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் சிவந்திருந்தது. நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார்.

“ஏனுங்க, நீங்க மாத்திரை போட்டீங்களா?” ஆயம்மாளுக்கு வாய் குழறியது.

“எனக்கென்ன புள்ள, கல்லாட்டம் இருக்கறேன். ரெண்டு பேரும் போட்டா மாசக்கடைசிக்குப் பத்தாது. நான் நிறுத்தி நாளாச்சு. நீ பொழைச்சாப் போதும்.”

ஆயம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். கன்னத்தில் பாதி கரைந்திருந்த மாத்திரையை விரல்விட்டு எடுத்தாள். முந்தானையில் துடைத்து, அவர் வாயைப் பிளந்து உள்ளே திணித்தாள்.