ஆடி மாதத்துப் போணி

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போக மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். என் தொழிலும் அந்த மாதத்தில் படுத்துவிடும். ஆனால் அதற்குக் காரணம் பிரான்சுக்காரர்கள்.

நான் விற்பது பழைய தபால் தலை, படம் போட்ட பழைய போஸ்ட் கார்டு, தீப்பெட்டி லேபிள். வில்லியனூரில் பழைய பேப்பர் கடைக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற பெட்டிகளை எனக்காக ஓரமாக எடுத்து வைப்பார்கள். அவற்றைத் தரம் பிரித்து, போட்டோ எடுத்து, இன்டர்நெட்டில் ஏலத்துக்கு விடுவேன். புதுச்சேரி கடற்கரை, மாட்டு வண்டி நிற்கிற தெரு, தொப்பி வைத்த போலீஸ்காரர் என்று படம் இருந்தால் போதும், பிரான்சில் இருக்கிற வயதானவர்கள் போட்டி போட்டுக் கேட்பார்கள்.

வேலை பார்த்த மில் மூடிய பிறகு நான் எதிலும் நிலைக்கவில்லை. எனக்கு ஆட்களோடு பேச வராது. ஒரு செருப்புக் கடையில் கொஞ்ச காலம் நின்றேன். "வாங்க" என்று சொல்ல நான் தைரியம் கூட்டுவதற்குள் வந்த ஆள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஏலத்தில் வாயே திறக்க வேண்டாம். பொருளை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். பத்தாவது படித்த எனக்கு, என் சுபாவத்துக்கு, இப்படி ஒரு வேலை அமைந்ததை நான் பெரிய அதிர்ஷ்டமாகத்தான் நினைத்திருந்தேன்.

முதல் வருஷம் ஆடியில் ஏலம் நின்றபோது பயந்துபோனேன். ஊரில் பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர்தான் விளங்க வைத்தார்.

"ஆகஸ்ட்ல அங்க எவனும் வூட்ல இருக்க மாட்டான்பா. வக்கான்ஸ். லீவு வுட்டுட்டா எல்லாரும் கடலுக்குப் போயி வெயில்ல படுத்துனு கெடப்பான். உன் போஸ்ட் கார்டு எவனுக்கு வேணும்?"

நம் ஊர் ஆட்களும் அந்த நேரத்தில் வாங்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டி முடித்திருப்பார்கள், மிச்சம் ஆடித் தள்ளுபடிக்குப் போய்விடும்.

அந்த மந்தம் ஒரே நாளில் வருவதில்லை. முதலில், கார்டின் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் நின்றுபோவார்கள். பிறகு, பார்ப்பவர்கள் இருப்பார்கள், விலை கேட்பவர்கள் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் ஒரு சின்னக் கண் படம் இருக்கும், எத்தனை பேர் கவனித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட. வெறும் கண்ணாகவே கிடந்து ஏலம் முடிந்துவிடும். சரி, கொஞ்ச நாள் மூடி வைப்போம் என்றால் அதுவும் முடியாது. பொருள் போடாத கடையைத் தேடுகிறவர்களுக்குக் காட்டாமல் சைட் பின்னால் தள்ளிவிடும். அதனால் நல்ல சரக்கைப் பதுக்கி வைத்துக்கொண்டு, மடிந்தது, கறை பட்டது என்று சாதாரணமானதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆடிக் காற்றில் கார்டுகள் பறக்கும் என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்வை சொட்டாமல் துண்டால் துடைத்துத் துடைத்துப் பிரித்துக்கொண்டிருப்பேன்.

அந்த மாதங்களில் வீடு என் மனைவியின் சம்பளத்தில்தான் ஓடும். அரியூர்ப் பக்கம் ஒரு கேன்டீனில் வேலை. அவள் என்னை ஒன்றும் சொல்ல மாட்டாள். சாப்பாடு போடும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் போடுவாள். ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று இருக்கும்.

போன ஆடி அப்படித்தான் இருந்தது, இன்னும் கொஞ்சம் மோசமாக. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று அண்ணி ஒரு தூக்கில் கூழ் கொண்டுவந்தார். அண்ணன் வீடு பக்கத்து வீடுதான்.

"இன்னாப்பா, மூஞ்சத் தொங்கப் போட்டுனு உக்காந்துகீற? யாவாரம் ஆவலயா?"

"ஒருத்தரும் கேக்கல அண்ணி."

"போணி ஆவாத கடையில எப்பிடி ஆவும்?"

அண்ணியின் கைராசி எங்கள் ஊருக்கே தெரியும். வில்லியனூர் மார்க்கெட்டில் காலையில் அவர் தலை தெரிந்தால் போதும், காய்க்கடைக்காரர்கள், "யக்கா, ஒரு கொத்தமல்லியாவது வாங்கி போணி பண்ணிட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். முதல் விற்பனை அவர் கையில் ஆனால் மதியத்துக்குள் கூடை காலியாகிவிடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

அன்றே அண்ணியின் போனில் அந்த சைட்டில் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன். என் வீட்டு வைஃபையில்தான். அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்து, கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு போஸ்ட் கார்டை ஆரம்ப விலைக்கு ஏலம் கேட்டார்.

மறுநாள் வேறு இரண்டு பேர் அதே கார்டைக் கேட்டிருந்தார்கள். அடுத்த பொருளுக்கும் அப்படியே ஆனது. ஒருவர் கேட்டிருந்தால்தான் அடுத்தவருக்குக் கேட்கத் தோன்றும் என்று இப்போது புரிகிறது. அப்போது அண்ணியின் கைதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு புதிதாக எதை வைத்தாலும் அண்ணியைக் கூப்பிட்டேன். வேறு யாரும் கேட்காமல் அண்ணிக்கே விழுந்துவிட்டால் சிரித்துக்கொண்டே கார்டைப் பெட்டியில் வைத்துவிடுவேன்.

ஒருநாள் பழைய கடற்கரைக் கார்டு ஒன்றை, என்னிடம் பல வருஷமாக வாங்குகிற பிரான்ஸ்காரர் ஒருவர் அண்ணிக்கு மேலே கேட்டுவிட்டார். அண்ணி விடவில்லை. மறுபடி மறுபடி ஏற்றினார்.

"அண்ணி, நிறுத்துங்க. அவர் வாங்கட்டும்னுதானே வச்சிருக்கேன்!"

"அதுக்குன்னு வுட்டுடுவனா? மொதல்ல கேட்டவ நானு!"

நான் போனைப் பிடுங்கினேன். இருவரும் சிரித்தோம். அந்த வாரத்துக்குள் சைட்காரர்கள் என் கடையை மூடிவிட்டார்கள்.

வந்த மெயிலைத் தமிழில் மாற்றிப் படித்தேன். விற்பவருக்கு வேண்டியவர் ஒருவர் விற்பவரின் வைஃபையிலிருந்தே உள்ளே நுழைந்து விலையை ஏற்றியிருக்கிறார், இது ஏமாற்று வேலை என்று இருந்தது. நான் வேண்டுமானால் போனில் விளக்கம் சொல்லலாம், தமிழிலும் பேசலாம் என்றும் இருந்தது. கடை போனதைவிட, பேச வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் பேசாவிட்டால், பேசாமல் பிழைக்க எனக்கிருந்த ஒரே வழி அடைந்துபோகும்.

அண்ணி விஷயம் கேட்டு ஓடிவந்தார்.

"போணி பண்ணா தப்பா? இது எந்த ஊரு நாயம்? குடு, நான் பேசறேன்."

"நீங்க பேசினா எல்லாம் கெட்டுடும் அண்ணி."

போன் வந்தபோது அண்ணி எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். ஸ்பீக்கரில் போட்டேன். தெற்கத்திப் பேச்சு பேசுகிற ஒரு பெண். போணி என்றால் என்ன என்று சொன்னேன். வாழ்நாளில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அவ்வளவு பேசியதில்லை.

"தெரியும் சார். எங்க அப்பாவும் மளிகைக் கடைதான். எனக்குப் புரியுது, ஆனா இதை நான் எங்க எழுதுறது?" என்றது அந்தப் பெண். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க வைஃபையை வெளியாள் யாராவது உங்களுக்குத் தெரியாம உபயோகிச்சிருந்தா அது வேற விஷயம் சார். அந்தக் கணக்கை மட்டும் எடுத்துடுவாங்க. அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணி இரண்டு கையையும் ஆட்டினார். யாரும் இல்லை என்று சொல், யாரும் இல்லை என்று சொல். வாயை மட்டும் அசைத்தார்.

யோசித்துச் சொல்லவில்லை. பொய் சொல்லவும் பேசிப் பழகியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

"எங்க அண்ணி" என்றேன்.

அந்தப் பெண் "சரி சார்" என்று மெதுவாகச் சொல்லி போனை வைத்துவிட்டது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

"வாயே தொறக்காத ஆளு. தொறக்கக் கூடாத நேரம் பாத்து தொறந்துட்டியே. யாரோ எவளோன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் இன்னா கொறஞ்சா பூடுவேன்?"

கடையை நிரந்தரமாக மூடிவிட்டதாக இரண்டு நாளில் மெயில் வந்தது. மனைவி பெயரில் வேறு கணக்கு தொடங்கிப் பார்த்தோம். முகவரி ஒன்றுதான் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். அந்த பிரான்ஸ்காரருக்கு ஒரு வார்த்தை எழுத நினைத்தேன். அவர் விலாசமும் அந்த மூடிய கணக்குக்குள்ளேதான் இருந்தது.

ஆவணி பாதி போனதும் சைட் சூடு பிடித்தது. லீவுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். வெளியாளாக நுழைந்தால் யாரும் தடுப்பதில்லை, பார்க்கலாம். ஒரு மாலை, யாரோ ஒருவர் போட்டிருந்த புதுச்சேரிக் கார்டு ஒன்று மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. கேட்பவர்களில் அந்தப் பழைய பிரான்ஸ்காரரும் இருந்தார். அதே கார்டு, மூலை மடங்காமல், ஆடியில் நான் பதுக்கி வைத்தது, என் பெட்டியில் இருக்கிறது.

அண்ணி வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இது நம்முளுதா?"

"இல்ல அண்ணி."

"அப்ப ஏன் பாத்துனு கீற?"

"சும்மாதான்."

அவர் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, ஏலம் முடிகிற வரை அவரும் பார்த்தார்.